தகர டப்பாவில் பத்தொன்பது

கயிறு என்று போட்டிருக்கிறது. கன்றுக்குட்டியைக் கட்டும் சிறு கயிறு, லால்குடி வட்டார வழக்கு. மூன்றாவது தடவையாகப் படிக்கிறேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டும் படித்தாயிற்று, கயிறு கயிறாகவேதான் இருக்கிறது. லும்மி. ஆறாம் தொகுதி, நூற்றுப் பதினெட்டாம் பக்கம், இடது பத்தியில் கீழிருந்து நாலாவது சொல். இருபத்திரண்டு வருஷமாக உறையூரில் ஒரு மாடி அலுவலகத்தில் உட்கார்ந்து அகராதி வேலை பார்த்து, ஊரார் பிழையை எல்லாம் சிவப்பு மையில் சுழித்தவளை, வெளியீட்டு விழா என்று முன்வரிசையில் உட்கார வைத்து, மடியில் கனமான புத்தகம் ஒன்றைக் கொடுத்து, இந்தப் பக்கத்தைத் திறக்க வைக்க வேண்டுமா. யாரும் வைக்கவில்லை, நானாகத்தான் திறந்தேன். புதுப் புத்தகம் கைக்கு வந்தால் நடுவில் பிரித்து மூக்கில் வைத்துக்கொள்கிற கெட்ட பழக்கம் எனக்கு. பசை வாசனையோடு லும்மியும் வந்தது. பக்கத்து நாற்காலியில் நப்பின்னை உட்கார்ந்திருக்கிறாள், என் மகள், இருபத்து மூன்று வயது. என் புடவைத் தலைப்பை விரலில் சுற்றுகிறாள், அவிழ்க்கிறாள், மறுபடி சுற்றுகிறாள். லும்மி அவளுடைய சொல். அவளாகச் செய்துகொண்டது. உலகத்தில் அவளையும் என்னையும் தவிர அதைத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான், அவர் இப்போது மேடையில் மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். லால்குடியில் எந்தக் கன்றுக்குட்டியையும் யாரும் லும்மியால் கட்டியதில்லை.

தப்பு நடந்திருக்கும். அகராதி என்றால் தப்பு வராமல் இருக்காது. எங்கள் முந்தைய பதிப்பின் இரண்டாம் தொகுதியில் காகத்தின் படம் போய்க் கழுதைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டது, ஆறு மாதம் கழித்து ஒரு பள்ளிக்கூட வாத்தியார் எழுதித்தான் தெரிந்தது. தட்டச்சு செய்கிற பெண், சொல்லுக்கு ஒன்றாக நாங்கள் எழுதித் தருகிற கார்டில் இரண்டை ஒன்றாகச் சேர்த்துப் பிடித்திருப்பாள், மேல் கார்டில் இருந்து சொல், கீழ் கார்டில் இருந்து பொருள். அப்படித்தான் இருக்கும். தில்லைநாதன் சாருக்குத் தெரிந்தே இருக்காது. அவர் பேச ஆரம்பித்துவிட்டார். முதன்மைப் பதிப்பாசிரியர் தில்லைநாதன், கடை மடிப்புகூடக் கலையாத புதுச் சட்டை, காலர் கழுத்தை அறுக்கும் போலிருக்கிறது, இரண்டு தரம் விரலை விட்டுத் தளர்த்திவிட்டார். 'உலக மொழிகளின் வரிசையிலே' என்று ஆரம்பித்தவர் இன்னும் வரிசையை விட்டு வெளியே வரவில்லை. அவருக்குப் பின்னால் பெரிய திரையில் ஏழெட்டுக் கோடுகள் நிற்கின்றன, ஒவ்வொன்றின் காலடியிலும் ஒரு மொழியின் பெயர், தலையில் அந்த மொழிக்கு எத்தனை சொல் என்கிற எண். வெளிநாட்டில் ஏதோ ஒரு நிறுவனம் வருஷா வருஷம் போடுகிற பட்டியல். சிவப்புக் கோடு எங்களுடையது, எல்லாவற்றையும் விட உயரம். அதை ஒட்டிக்கொண்டு ஒரு நீலக் கோடு, எந்த மொழி என்று பெயர் சொல்லி என்ன ஆகப்போகிறது, அங்கேயும் என்னைப் போல யாரோ ஒரு மங்கையர்க்கரசி மின்விசிறிக்கு அடியில் கார்டு பறக்காமல் கல்லை வைத்துக்கொண்டு எழுதியிருப்பாள். இரண்டு கோட்டுக்கும் வித்தியாசம் இங்கிருந்து பார்த்தால் தெரியவில்லை. எனக்குக் கண் சரியில்லை என்று நினைத்தேன். சிரிப்பும் வந்தது. இந்தப் பட்டியலைப் பார்த்துச் சிரிப்பதுதான் எங்கள் நாலு மணி டீயின் வேலை. 'உலகத்திலேயே அதிகச் சொல் உள்ள மொழி நம்முடையதுதானே, உறுதி செய்க' என்று வாரம் ஒரு கடிதம் வரும். சார் அதைச் சத்தமாகப் படிப்பார், டம்ளரை மூடுகிற தட்டாக அதையே வைத்துக்கொள்வார். "ஏம்மா, ஒட்டி எழுதினா ஒரு சொல்லு, பிரிச்சு எழுதினா மூணு சொல்லு. வந்தான், வந்தா, வந்தாங்கன்னு தனித்தனியா எண்ணினா நாளைக்கே கோடியைத் தாண்டிடலாம். எண்ணிடுவமா?" என்பார். மருந்து செய்கிறவன் ஒரு மாத்திரைக்கு அரை முழத்துக்குப் பெயர் வைத்தால் அதையும் ஒரு மொழி தன் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது, இன்னொரு மொழி வெட்கப்பட்டு விட்டுவிடுகிறது, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி உயரம் பார்த்தால் என்ன தெரியும் என்று கேட்பார். அந்த மனுஷன்தான் இப்போது கோட்டைச் சுட்டிக்காட்டுகிறார், கையில் ஒரு குச்சி, குச்சியின் நுனியில் சிவப்பு விளக்கு. யாரோ கொடுத்திருப்பார்கள். மேடை என்றால் கொடுத்ததைப் பிடித்துக்கொள்ளத்தானே வேண்டும்.

வலது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஓய்வுபெற்ற பேராசிரியர், மேல்துண்டால் விசிறிக்கொண்டே குனிந்து, "உங்க பொண்ணாம்மா? என்ன பண்றாங்க?" என்று கேட்டார். "வீட்ல இருக்கா" என்றேன். "கல்யாணம்?" என்றார். நான் புத்தகத்தைப் பார்த்தேன். அவர் நப்பின்னையைப் பார்த்து, "உன் பேர் என்னம்மா?" என்றதும் அவள் அவருடைய துண்டைப் பார்த்து "பிச்சும்" என்றாள். பிச்சும் என்றால் பேருந்து. துண்டின் கரைப் பச்சை எங்கள் தெருவுக்கு வரும் டவுன் பஸ்ஸின் பச்சை. அவர் "நல்ல பேரு" என்று திரும்பிக்கொண்டார். வழக்கமாகப் பிலோமினா அக்காவிடம் விட்டுவிட்டு வருவேன், எதிர்வீடு, இன்றைக்கு அவர்கள் தங்கை வீட்டுக் கல்யாணத்துக்கு மணப்பாறை போய்விட்டார்கள். அதுவும் நல்லதுதான், அம்மா மேடை ஏறுவதைப் பார்க்கட்டும் என்று கூட்டிவந்தேன். பத்தொன்பது சொல். அவளுக்கு அவ்வளவுதான். மூன்று வயதில் ஒரு மருத்துவர், தஞ்சாவூர் ரோட்டில், சுவரில் ஒரு அட்டை மாட்டியிருப்பார், அதிலும் இதே மாதிரி கோடுகள்தான், வயது ஏற ஏறக் கோடு உயரும். ஒரு வயசுக்கு இத்தனை சொல், ரெண்டுக்கு இத்தனை, மூணுக்கு இத்தனை. "பாப்பாவுக்கு எத்தனை வேர்ட்ஸ் இருக்கு, எண்ணிப் பாத்தீங்களா?" என்று கேட்டார். நாளெல்லாம் சொல்லை எண்ணுவதே பிழைப்பாக இருக்கிறவள், அதை மட்டும் எண்ணவில்லை. பயம். எண்ணினேன். நாலு. அவள் அப்பா அடுத்த வருஷம் ஓசூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார், போனவர் போனவர்தான். எதிர்வீட்டுக் குழந்தைக்கு எத்தனை, அலுவலகக் காவல்காரர் பேத்திக்கு எத்தனை என்று நான் பேச்சுக் கொடுத்துப் பேச்சுக் கொடுத்து எண்ணிய காலம் ஒன்று உண்டு. வெட்கக்கேடு. குழந்தைகள் என்னைக் கண்டால் வாயை மூடிக்கொள்ள ஆரம்பித்தன. பள்ளிக்கூடச் சேர்க்கைப் படிவத்தில், 'குழந்தை பேசும் சொற்கள் ஏறத்தாழ' என்று இருந்த இடத்தில் அறுபது என்று எழுதினேன். அப்போது அவளுக்குப் பதினொன்று. நாற்பத்தொன்பது சொல்லை ஒரு பேனா இழுப்பில் பெற்றெடுத்தேன். ஒரு வாரம் தூக்கம் வரவில்லை, பிறகு ஒருநாள் நாலு மணி டீயில் தில்லைநாதன் சாரிடம் மட்டும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "எண்ணாதீங்கம்மா. அதுல பொருள் இருக்கான்னு மட்டும் பாருங்க" என்றார். மேஜை இழுப்பறையில் இருந்து வெற்றுக் கார்டு ஒரு கட்டு எடுத்துத் தந்தார். "எழுதி வைங்க. எழுதினா அது சொல்லுதான்" என்றார். அப்படிச் சொன்ன வாய் அது. அந்த வாய்க்காக நான் எத்தனை பேரிடம் சண்டை போட்டிருக்கிறேன்.

எழுதினேன். எங்கள் முறைப்படியே, மேலே சொல், கீழே பொருள், அதன் கீழே எப்போது எந்த இடத்தில் கேட்டது, தேதி. மூபு: குக்கர் விசில் வரப்போகிறது, காதைப் பொத்திக்கொள். ஒப்பி: கரண்ட் போன இருட்டு, சாதா இருட்டு அல்ல. ஞாஞா: பிலோமினா அக்கா, அவர்கள் வீட்டு ரொட்டி, ஞாயிற்றுக்கிழமை, மூன்றும். லும்மி: ஒன்றும் பேசாமல் என்னைப் பிடித்துக்கொள். அந்தக் கார்டை எழுதிய நாள் நினைவிருக்கிறது, ஐப்பசி மழை, இடி, நான் 'ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்லடா' என்று சொல்லிக்கொண்டே இருந்தேன், அவள் என் வாயைக் கையால் மூடி லும்மி என்றாள். பேசாதே, பிடி. இலக்கணப்படி ல-வில் தமிழ்ச்சொல் தொடங்காது, அவளிடம் யார் போய்ச் சொல்வது. பதினெட்டு வருஷத்தில் பத்தொன்பது கார்டு சேர்ந்தது. பிஸ்கட் வந்த நீலத் தகர டப்பா ஒன்றில் போட்டு அலுவலகத்தில் என் பீரோவில் கீழ்த்தட்டில் வைத்திருந்தேன். வீட்டில் வைக்கவில்லை. வீட்டில் சொல் இருக்கிறது, கார்டு எதற்கு. அலுவலகத்தில் அலுப்பு வரும் நாளில் திறந்து பார்ப்பேன், சாருக்கு மட்டும் படித்துக் காட்டியிருக்கிறேன், அவ்வளவுதான். அகராதிக்கு என்று ஒரு நொடி நினைத்ததில்லை. நினைக்கவும் முடியாது, எங்களுக்கு ஒரு விதி இருக்கிறது, ரெண்டு வாய். ஒரு சொல்லை ஒருத்தர் மட்டும் சொன்னால் அது அவருடைய நாக்கு செய்த வேலை, சொல் அல்ல. அவர் சொல்லிக்கொடுக்காத ரெண்டாவது ஆள் ஒருவர், தன் தேவைக்குத் தானாக அதை எடுத்துச் சொல்ல வேண்டும். அப்போதுதான் கார்டு பச்சைப் பெட்டிக்குப் போகும். அதுவரைக்கும் ஒத்த வாய்ப் பெட்டி. இந்த விதியை எழுதியதே சார்தான், எழுதிச் சுவரில் ஒட்டியவள் நான். அச்சுக்குப் போகும் முன்னால், இந்த வருஷம் ஆனி மாதம், ஒரு சனிக்கிழமை முழுக்க நானும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒத்த வாய்ப் பெட்டியைக் காலி செய்தோம். நாலாயிரத்துச் சொச்சம் கார்டு. ரெண்டாவது வாய் கிடைக்காமல் பதினைந்து வருஷம் காத்திருந்த கார்டெல்லாம் இருந்தது, ஒவ்வொன்றையும் படித்துவிட்டுக் கிழித்தோம். துறையூர்ப் பக்கம் ஒரு கிழவர் மட்டும் சொன்ன, காற்றில்லாத பகலுக்கு ஒரு சொல், அதைக் கிழிக்க எனக்கு மனசு வரவில்லை. "குடுங்கம்மா" என்று வாங்கி அவர்தான் கிழித்தார். "ஒத்த வாய் ஒண்ணுகூட உள்ள போகக்கூடாது. போச்சுன்னா மிச்சம் அஞ்சு லட்சத்தையும் யாரு நம்புவா?" என்றார். கிழித்த கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். அன்று அந்தக் கட்டடத்தில் பச்சைப் பெட்டிக்குள் போகாத கார்டு என்று மிச்சம் இருந்தது என் டப்பாவில் இருந்தது மட்டும்தான். இதை ஏன் இப்போது நினைக்கிறேன். நினைக்காதே. சார் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார், நீயும் கேள்.

கேட்கிறேன். கேட்கத்தான் முடியவில்லை. 'அர்ப்பணிப்பு' என்கிறார், 'இரவு பகல் பாராமல்' என்கிறார். ஆறு தொகுதி, மற்ற ஐந்தும் மேடையில் பட்டு நாடா கட்டி அடுக்கி வைத்திருக்கிறது. மூபு ஐந்தாம் தொகுதியில் இருக்க வேண்டும், இருந்தால். ஒப்பி முதல் தொகுதி. ஓடிப்போய் நாடாவை அவிழ்த்துப் பார்த்துவிட்டு வந்தால் தேவலை. ஒன்றே ஒன்று மட்டும் போயிருந்தால் தப்பு. கார்டு ஒன்று டப்பாவுக்கு வெளியே கிடந்திருக்கும், நானே கவனக்குறைவாகப் போட்டிருப்பேன், பெருக்குகிறவர் எடுத்து மேஜையில் வைத்திருப்பார், தட்டச்சுப் பெண் தட்டியிருப்பாள். ஆனால் பொருள்? ஒன்றும் பேசாமல் என்னைப் பிடித்துக்கொள் என்று என் கையெழுத்தில் கொட்டை கொட்டையாக இருக்கிற கார்டைப் பார்த்து எந்தத் தட்டச்சுப் பெண் கன்றுக்குட்டியைக் கொண்டுவருவாள். லால்குடியில் நிஜமாகவே அப்படி ஒரு கயிறு இருந்தால்? இருக்கலாம். நான் விடுப்பில் இருந்த இரண்டு மாதத்தில் யாராவது போய்க் கேட்டு வந்திருக்கலாம். ரெண்டு வாய் கிடைத்திருக்கலாம். என் மகள் தானாகச் செய்துகொண்ட சொல் ஏற்கெனவே கொள்ளிடக்கரையில் ஒரு மாட்டுக்கொட்டகையில் இருந்தது என்றால் நான் சந்தோஷப்பட வேண்டும். மங்கை, நீ உன்னையே எவ்வளவு நன்றாக ஏமாற்றிக்கொள்கிறாய். விடுப்பு. ஆவணி மாதம் நப்பின்னைக்கு வலிப்பு வந்து, நிற்காமல் வந்து, ஆஸ்பத்திரியில் நாற்பது நாள். பதினோராம் நாளோ பன்னிரண்டாம் நாளோ சார் வந்தார், சாத்துக்குடிப் பையோடு. வார்டு வராந்தாவில் நின்றோம். ரொம்ப நேரம் நின்றார், பையைக் கை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டே நின்றார். "ஆபீஸைப் பத்தி நீங்க நெனைக்கவே நெனைக்காதீங்க. கடைசி மெய்ப்பு நான் பாத்துக்கறேன்" என்றார். படி இறங்கப் போனவர் திரும்பி, "உங்க பீரோ சாவி இருந்தாக் குடுங்கம்மா, பழைய மெய்ப்பு ஏதாச்சும் அதுல கெடக்கும்" என்றார். வளையத்தில் இருந்து கழற்ற முடியவில்லை, நகம் உடைந்தது. அவரே வாங்கிக் கழற்றிக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது, இவ்வளவு வேலைக்கு நடுவில் வந்து பார்த்தாரே என்று. பழைய மெய்ப்பு எதுவும் என் பீரோவில் இல்லை. இருந்ததில்லை. மெய்ப்பு எல்லாம் அவர் பீரோவில்தான் இருக்கும், இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான், அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அன்றைக்குச் சாவியைக் கழற்றும்போதுகூடத் தெரிந்துதான் இருந்தது.

"அன்பர்களே, எத்தனை சொல் வித்தியாசம் என்று கேட்பீர்கள்" என்று சார் குரலை இறக்கினார். "ஆயிரம் அல்ல. நூறு அல்ல. பன்னிரண்டே பன்னிரண்டு சொல். பன்னிரண்டு சொல் முன்னால் நின்று உலகின் முதலிடத்தை இன்று தொட்டிருக்கிறோம்." கைதட்டல் எழுந்தது. பக்கத்துப் பேராசிரியர் துண்டை மடியில் போட்டுவிட்டுத் தட்டினார். நானும் தட்டினேன். கை தானாகத் தட்டுகிறது, என்ன செய்ய. பன்னிரண்டு. கை தட்டிக்கொண்டே இருக்கும்போது பன்னிரண்டு பத்தொன்பதோடு போய் முட்டியது. பத்தொன்பதில் பன்னிரண்டு போனால் ஏழு. டப்பா இல்லாவிட்டால் நாங்கள் ஏழு சொல் பின்னால். சமமாக நிற்க ஏழு வேண்டும், முந்த எட்டு வேண்டும். விசிறி சுற்றுகிறது. மறுபடி கழித்தேன், மறுபடி ஏழு, எத்தனை தரம் கழித்தாலும் ஏழுதான் வருகிறது. இருபத்திரண்டு வருஷம் அஞ்சு லட்சம் சொல்லுக்கு ரெண்டு வாய் தேடி அலைந்து, கடைசியில் ஏழு சொல் குறைந்திருக்கிறது. முதலிடம் என்றால் இந்த மண்டபம், இந்தத் திரை, சிறப்பு விருந்தினர். இரண்டாமிடம் என்றால் யாராவது ஒரு கடிதம் போட்டிருப்பார்கள். ஒத்த வாய்ப் பெட்டியில் நாலாயிரம் இருந்ததே, அதைக் கிழிக்காமல் இருந்தால் என் டப்பாவுக்கு வந்திருக்க மாட்டார். கிழித்துவிட்டார், நாணயமாகக் கிழித்துவிட்டார். சொல்லைச் சும்மா உண்டாக்கவும் அவருக்கு வராது, கையில் ஒரு கார்டு இல்லாமல் ஒரு வரி எழுதத் தெரியாத மனுஷன். அப்படியானால் தெரிந்து செய்திருக்கிறார். டப்பாவைத் திறந்து, என் கையெழுத்தைப் படித்து, ஒன்றும் பேசாமல் என்னைப் பிடித்துக்கொள் என்பதைப் படித்து, இது ஆகாது என்று பேனாவை எடுத்து, பிடிப்பது, பிடிப்பதற்கு எது, கயிறு என்று எழுதியிருக்கிறார். எந்தக் கயிறு என்று ஒருவர் கேட்பாரே என்று கன்றுக்குட்டியைச் சேர்த்திருக்கிறார். எந்த ஊர் என்று கேட்பாரே என்று லால்குடி. நல்ல பதிப்பாசிரியர். நான் ஆஸ்பத்திரியில் அவள் பல்லுக்கு நடுவில் நாக்கு மாட்டாமல் ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டிருந்த நாட்களில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். எண்ணாதீங்கம்மா என்றவர் எண்ணியிருக்கிறார். படிவத்தில் அறுபது என்று நான் போட்டது பொய்தான், ஆனால் நான் போட்டது என் பிள்ளைக்காக. அவரும் அப்படித்தான் சொல்வாரோ. சொல்லட்டும். எதிரி ஒருவன் செய்திருந்தால் சண்டை போட்டுவிட்டுச் சோறு தின்னலாம். இவர் என்னோடு டீ குடித்தவர்.

கைதட்டலுக்கு நப்பின்னை காதைப் பொத்திக்கொண்டு "மூபு, மூபு" என்று முனகினாள். முதுகைத் தடவினேன். பச்சைச் சேலை கட்டிய தொண்டர் பெண் ஒருத்தி குனிந்து, "மேடம், அடுத்து உங்களுக்குத்தான் பொன்னாடை, ரெடியா இருங்க" என்றாள். போகக் கூடாது. எழுந்து இப்படியே வெளியே போய்விட வேண்டும், ஆட்டோ பிடித்தால் பத்து நிமிஷம். போனால் அந்தப் பத்தொன்பதும் கயிறும் பானையுமாக அந்த ஆறு தொகுதிக்குள் கிடக்கும், ஐம்பது வருஷம் கழித்து எவனாவது கட்டுரை எழுதுவான், லால்குடி வட்டாரக் கால்நடைச் சொற்கள் என்று. பேசினால் இருபத்திரண்டு வருஷமும் போகும். அவருடையது மட்டும் அல்ல, என்னுடையதும்தான். அஞ்சு லட்சம் சொல்லில் பாதி என் கையெழுத்து. யார் நம்புவா என்று அவர்தானே கேட்டார். அதற்குள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். துணைப் பதிப்பாசிரியர் திருமதி மங்கையர்க்கரசி. எழுந்தேன், நப்பின்னையும் எழுந்தாள், தலைப்பு அவள் விரலில் சுற்றியிருந்தது, விடச் சொன்னால் விட மாட்டாள். இரண்டு பேருமாகப் படியேறினோம். புத்தகம் என் கையிலேயே இருந்தது, கீழே வைக்கத் தோன்றவில்லை. சிறப்பு விருந்தினர் பொன்னாடையைப் போர்த்தினார், உடனே வேறு பக்கம் கேமராவைப் பார்த்தார். தில்லைநாதன் சார் நப்பின்னையைப் பார்த்துவிட்டுக் கண்ணை என் கையில் இருந்த புத்தகத்துக்கு இறக்கினார். நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தில் என் விரல் இன்னும் இருந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது. தொகுப்பாளர் மைக்கை நீட்டி, "ரெண்டு வார்த்தை பேசுங்கம்மா" என்றார்.

"ஆறாம் தொகுதி, நூத்திப் பதினெட்டாம் பக்கம்" என்றேன். என் குரல் மண்டபத்தின் பின்சுவரில் போய்த் திரும்பி வந்தது. "லும்மின்னு ஒரு சொல்லு இருக்கு. கன்னுக்குட்டி கட்டற கயிறுன்னு போட்டிருக்கு. அது கயிறு இல்ல. இதோ நிக்கிறாளே என் மக, இவ சொல்ற சொல்லு. இவ ஒருத்தி வாயில மட்டும்தான் இருக்கு. இந்த மாதிரி பத்தொம்போது சொல்லு உள்ள போயிருக்கு. அதைக் கழிச்சிடுங்க." முன்வரிசையில் அந்தப் பேராசிரியரின் உதடு அசைவது தெரிந்தது. பன்னிரண்டில் இருந்து பத்தொன்பதைக் கழிக்கப் பார்த்து, முடியாமல், மறுபடி ஆரம்பித்தார். சிறப்பு விருந்தினர் "என்ன சொல்றாங்க?" என்று பக்கத்தில் கேட்டார். தொகுப்பாளர் மைக்கை மெல்ல என் கையில் இருந்து உருவிக்கொண்டு, தாயின் உணர்ச்சி என்று ஏதோ சொல்லிச் சிரித்தார், கீழே பாதிப் பேர் சிரித்தார்கள், பாதிப் பேர் புத்தகத்தைப் புரட்டினார்கள். சார் என் பக்கத்தில் வந்து நின்றார். புதுச் சட்டையின் கஞ்சி வாசனை வந்தது. "எட்டுதாம்மா தேவைப்பட்டுச்சு" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "அப்ப ஏன் பத்தொம்போதும்?" என்றேன். அவர் நப்பின்னையைப் பார்த்தார். "எந்த எட்டுன்னு எடுக்கத் தெரியலம்மா" என்றார். கண் நிறைந்திருந்தது. சொல்லைப் பொறுக்குவதே வேலையாக வயதான மனுஷனுக்கு, அந்தப் பத்தொன்பதில் பொறுக்கத் தெரியவில்லை. எனக்கு இரக்கம் வந்தது, வந்த இரக்கத்தின் மேல் கோபம் கோபமாக வந்தது. "சாவி" என்று கையை நீட்டினேன். எங்கேயோ அலுவலகத்தில் இருக்கும், நாளைக்குத் தருகிறேன் என்பார் என்று நினைத்தேன். சட்டைப் பையில் கைவிட்டு எடுத்துக் கொடுத்தார். அந்தப் புதுச் சட்டைக்குக்கூட மாற்றி வைத்திருந்திருக்கிறார். சாவி அவர் உடம்புச் சூட்டில் இருந்தது.

பொன்னாடையை மேஜை மேல் ஐந்து தொகுதிகளின் பக்கத்தில் வைத்தேன், ஆறாவதையும் அங்கேயே வைத்தேன். படி இறங்கினோம். நாற்காலிகளுக்கு நடுவில் நடந்தபோது இரண்டு பக்கமும் பேச்சு, யாரோ கையைப் பிடித்து "என்ன மேடம், நெஜமாவா?" என்றார்கள், யாரோ "இந்த நேரத்துல இது தேவையா?" என்றார்கள், செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒருவர் முன்னால் நின்றார். நாளைக்கு அலுவலகம் இருக்குமா, என் மேஜை இருக்குமா, டப்பா இருக்குமா, பச்சைப் பெட்டிக்குப் போகும் கார்டில் அடிக்கிற ஊதா வரிசை எண்ணை என் கார்டு மேலெல்லாம் அடித்திருப்பாரா, அந்த மை போகுமா, துறையூர்க் கிழவரின் சொல் என்ன, காற்றில்லாத பகலுக்கு, அதையாவது நான் எழுதி வைத்திருக்கக் கூடாதா, நாலு மணிக்கு இனி யாரோடு டீ குடிப்பது. வாசலுக்கு வந்ததும் வெயில் முகத்தில் அடித்தது. கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டேன். நப்பின்னை என்னையே பார்த்தாள். பிலோமினா அக்கா இல்லை, வேறு யாரும் இல்லை. எனக்கு என்ன வேண்டும் என்று சொல்ல ஒரு சொல் தேடினேன், இருக்கிற அஞ்சு லட்சத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை. அவளிடம் லும்மி என்றேன். என் தேவைக்கு நானாக அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் தலைப்பை விரலில் இருந்து அவிழ்த்தாள். இரண்டு கையாலும் என்னைப் பிடித்துக்கொண்டாள்.